ஒரு வாரம் மலையில்

ஞாயிறு, ராத்திரி

தனியாக ஊருக்குப் போகிற பெண்ணிடம் நம் பக்கம் எல்லோரும் முதலில் கேட்பது "கூட யாரு?" என்றுதான். பஸ்ஸில் பக்கத்து சீட்டு அம்மா கேட்டார், ஒண்டிக்கடையில் ஆட்டோக்காரர் கேட்டார், எஸ்டேட்டில் என் பெயரை நோட்டில் எழுதிக்கொண்ட ரைட்டர் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி மறுபடி மறுபடி கேட்டார். யாரும் இல்லைங்க, எழுத வந்திருக்கேன் என்றேன். "பரீட்சைங்களா?" என்றார். நாற்பத்தாறு வயதில் பரீட்சைக்குப் படிக்கிறவள் மாதிரி தெரிந்தால் சந்தோஷம்தானே, நான் மறுக்கவில்லை.

பாதியில் நிற்கிற கதை ஒன்று இருக்கிறது. சேலத்தில் மெஸ் நடத்துகிற ஒருத்தி, ஒரு நாள் மத்தியானம் அடுப்பை அணைத்துவிட்டு யாரிடமும் சொல்லாமல் கிளம்புகிறாள். வாசல்வரைக்கும் வந்துவிட்டாள். கோட்டை மாரியம்மன் ஆடிப் பண்டிகை சமயத்தில் வந்து நின்றவள், இப்போது மார்கழி, இன்னும் அதே வாசலில்தான் நிற்கிறாள். செவ்வாய்ப்பேட்டையில் எங்கள் வீட்டுக்கு இரண்டு பக்கமும் வெள்ளிப் பட்டறை. கொலுசுக்கு மெருகு போடுகிற மெஷின் காலையில் ஓட ஆரம்பித்தால் பொழுது சாய்ந்துதான் நிற்கும், அது நின்றதும் மாமியாரின் சீரியல், நடுவில் குக்கர், கேஸ்காரர், ஹாஸ்டலிலிருந்து மகளின் போன். "ஒரு வாரம் மலைக்குப் போய் எழுதிட்டு வாயேன், அம்மாவை நான் பாத்துக்கறேன்" என்று வீட்டுக்காரர்தான் சொன்னார். சொன்ன பிறகு அவரே கொஞ்சம் மிரண்ட மாதிரி இருந்தது, அதற்குள் நான் பையை எடுத்துவிட்டேன்.

இதற்கு முன்னால் ஒரு மௌன முகாமையும் விசாரித்துப் பார்த்தேன். வாய் திறக்காமல் மூன்று நாள் உட்கார அவர்கள் கேட்ட தொகையைக் கேட்டால் யாருக்கும் வாய் திறந்துவிடும். அதற்கு மேல் ஜிஎஸ்டி. பேசாமல் இருப்பதற்கு வரி கட்ட மனம் வரவில்லை, அதனால் ஏற்காடு. இருபது கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றுக்கும் நம்பர் போட்ட பலகை, கையில் எலுமிச்சம்பழம். சேலம் கடல்மட்டத்திலிருந்து 300 மீட்டர்கூட இல்லை, இங்கே 1,500 மீட்டர். நேற்று ஃபேன் போட்டுத் தூங்கியவள் இன்று சாக்ஸ் போட்டுக்கொண்டு இதை எழுதுகிறேன். அறை நாகலூர்ப் பக்கம், காபித் தோட்டத்துக்கு நடுவில், மேஜை ஜன்னலை ஒட்டி. எழுதாமல் இருக்க ஒரு சாக்கும் இல்லை.

திங்கள்

விடியற்காலை எங்கோ கீழே ஒரு கோயிலில் ஸ்பீக்கர் கட்டித் திருப்பாவை போட்டார்கள். பனிக்குள் அது எந்தத் திசையிலிருந்து வருகிறது என்றே தெரியவில்லை. எழுந்து மேஜை முன்னால் உட்கார்ந்தேன். இவ்வளவு அமைதியைக் கேட்டு வந்தேனா என்றிருந்தது. பக்கத்துப் பட்டறையில் எந்த மெஷினை எப்போது நிறுத்துவார்கள் என்று தெரிந்து, அதற்குள் இரண்டு வரி எழுதிவிட வேண்டும் என்று அடித்துப்பிடித்து எழுதுவேன் வீட்டில். இங்கே துரத்த ஆள் இல்லை. வாசலில் நிற்கிறவளும் அசையவில்லை. ஒன்பது மணிக்கு நோட்டை மூடிவிட்டு பழம் பறிக்கிற இடத்துக்குப் போனேன்.

இப்போது அறுவடைக் காலம். கார்த்திகை, மார்கழி, தை என்று ஓடும். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்து வைத்த பயிர் இது, இருநூறு வருஷத்தில் மலையே இதன் பேச்சுதான். சில்வர் ஓக் மரங்கள் நிழலுக்கு, அந்த மரங்களில் மிளகுக் கொடி, கீழே காபிச் செடி. பறிக்க வருகிறவர்கள் பெரும்பாலும் மலையாளி என்கிற இந்த மலைப் பழங்குடிப் பெண்கள், சுற்று வட்டாரத்து மலை ஊர்களிலிருந்து வருகிறவர்கள். இடுப்பில் சாக்கை மடித்துக் கட்டியிருக்கிறார்கள். எனக்கும் ஒன்றைக் கட்டிவிட்டார்கள், கூலி கிடையாது என்ற நிபந்தனையோடு.

ஆரம்பிப்பதற்கு முன் மூத்த அக்கா ஒருத்தர் ஓக் மரத்தடியில் இருந்த கல்லுக்குப் போனார். மஞ்சள் பூசிய கல், பக்கத்தில் ஒரு சின்ன வேல். முனியப்பன். சேலம் ஜில்லாவில் முனியப்பன் இல்லாத இடத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அந்த அக்கா கண்ணை மூடவில்லை, கையைக்கூடச் சரியாகக் கூப்பவில்லை. முதலில் பறித்த நாலு பழத்தைக் கல் முன்னால் வைத்துவிட்டு, "நேத்து மாதிரி காட்டுமாட்ட இந்தப் பக்கம் விட்டுறாத, சொல்லிட்டேன்" என்றார். அவ்வளவுதான் பூசை. எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன், அப்புறம் அரை மணி நேரத்துக்கு அது மனசை விட்டுப் போகவில்லை. நான் சாமியிடம் பேசினால் மனு மாதிரி இருக்கும்: மேற்படி விஷயத்தில் தாங்கள் கருணை கூர்ந்து. இவர் நைட் டூட்டி பார்க்கிற ஆளிடம் பேசுகிற மாதிரி பேசினார். நேற்று வேலை சரியில்லை, இன்றைக்காவது ஒழுங்காகப் பார். இவ்வளவு உரிமையோடு பேச வேண்டுமானால் எதிரே ஆள் இருக்கிறது என்பதில் சந்தேகமே இருக்கக் கூடாது.

பறிப்பது பார்க்கிற அளவுக்குச் சுலபம் இல்லை. ஒரே கொத்தில் சிவப்பும் மஞ்சளும் பச்சையும் சேர்ந்து இருக்கும், சிவந்ததை மட்டும் எடுக்க வேண்டும். எல்லாம் ஒன்றாகப் பழுக்காது என்பதால் அதே செடிக்கு இரண்டு வாரம் கழித்து மறுபடி வர வேண்டும், அப்புறம் மறுபடி. நான் அவசரத்தில் பச்சையையும் சேர்த்து உருவினேன். "பழம் தொட்டாலே வந்துரும் கண்ணு. இழுக்க வேண்டியிருந்தா அது காய்" என்றார் பக்கத்துச் செடிக்காரர். மத்தியானத்துக்குள் விரல் நுனியெல்லாம் பிசுபிசுப்பு, கழுத்தில் எறும்பு. பறித்த பழத்தைத் தோல் நீக்கி, ஊறவைத்து, கழுவி, களத்தில் பரப்பிக் காயவைக்கிறார்கள். ஒருவர் நாள் முழுக்கப் பலகையால் அதைக் கிளறிக்கொண்டே இருக்கிறார், ஒரு பக்கமே காய்ந்தால் கொட்டை கெட்டுவிடும், சாயங்காலம் பனி இறங்குவதற்குள் குவித்து மூட வேண்டும். அந்த மனிதர் களத்தின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்குப் போவார், திரும்புவார், வருவார். செல்போன் இல்லை, பாட்டு இல்லை. அலுக்காதா என்று கேட்டேன். "எதுக்கு அலுக்கணும்? காயுதுல்ல" என்றார்.

செவ்வாய்

ஏரியில் போட், பகோடா பாயிண்ட், ஆர்க்கிடேரியம் எல்லாம் போனாயா என்று தங்கை மெசேஜ் அனுப்பியிருந்தாள். ஏரிக்கரையில் மிளகாய் பஜ்ஜி சாப்பிட்டேன், நன்றாக இருந்தது, அந்தச் சமாச்சாரம் அவ்வளவுதான். லேடீஸ் சீட்டுக்கு இருட்டின பிறகு போனேன். கீழே சேலம் முழுக்க விளக்கு. செவ்வாய்ப்பேட்டை எது என்று கண்டுபிடிக்க ரொம்ப நேரம் முயன்றேன். தனிமை வேண்டும் என்று அடம்பிடித்து மலையேறி வந்தவள் மலையிலிருந்து வீட்டைத் தேடுகிறாள், பக்கத்தில் நின்ற கல்லூரிப் பையன்கள் டெலஸ்கோப்புக்குக் காசு போட்டுவிட்டு அவரவர் வீட்டைத்தான் தேடிக்கொண்டிருந்தார்கள்.

நான் சொல்ல வந்தது வேறு. பகலில் ஹோலி டிரினிட்டி சர்ச்சுக்குப் போயிருந்தேன். ராபர்ட் புரூஸ் ஃபூட்டின் நினைவுச் சின்னம் அங்கே இருக்கிறது. 1863-ல் சென்னைக்குப் பக்கத்தில் பல்லாவரத்தில் ஒரு கல்லைக் குனிந்து எடுத்து, இது கற்கால மனிதன் செதுக்கிய கருவி என்று அடையாளம் கண்டுகொண்டவர். இந்திய வரலாற்றுக்கு முன்னால் அத்தனை பெரிய காலம் கிடந்தது என்பதை அந்த ஒரு கல்லிலிருந்து பேச ஆரம்பித்தோம். நிலவியல் துறையில் வேலை பார்த்து, கடைசிக் காலத்தில் இங்கே வந்து தங்கினார், 1912-ல் இறந்தார். அவர் சேர்த்த கருவிகள் சென்னை அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

ஆனால் எனக்கு அவரைவிட அவருடைய மாமனார்மேல்தான் கண். பீட்டர் பெர்சிவல், 1882-ல் இந்த ஏற்காட்டில்தான் இறந்தார். யாழ்ப்பாணத்தில் பாதிரியாராக இருந்தபோது, ஆறுமுக நாவலரைத் துணைக்கு வைத்துக்கொண்டு பைபிளைத் தமிழில் மொழிபெயர்த்தவர். நாவலரோ விபூதியை விடாத சைவர், பிற்பாடு பாதிரிமார்களுக்கு எதிராகவே கடுமையாக எழுதியவர். அந்த இரண்டு பேரும் ஒரு வரிக்கு எந்தச் சொல் சரி என்று ஒரே மேஜையில் உட்கார்ந்து தகராறு பண்ணியிருப்பார்கள் என்று நினைத்தாலே எனக்கு உற்சாகமாகிவிடுகிறது. பிறகு பெர்சிவல் சென்னைக்கு வந்தார், மாநிலக் கல்லூரியில் பேராசிரியரானார். அவர் தொகுத்த தமிழ்ப் பழமொழிகள் ஆறாயிரத்துக்கும் மேல். அத்தனையும் யாரோ சொன்னவை. கிணற்றடியில் மருமகளைக் குத்திக்காட்டவும், கடன் கேட்டு வந்தவனைத் திருப்பி அனுப்பவும், மாடு செத்துப்போனவனைத் தேற்றவும் யார் யாரோ வாய்விட்டுச் சொன்னவை, சொன்னவர் பெயர் ஒன்றுக்குக்கூடத் தெரியாது. தொகுத்தவருக்கும் அதில் சொந்த வரி கிடையாது. வாழ்நாளில் இவ்வளவு பெரிய பங்கைக் காது கொடுப்பதற்கே ஒதுக்கிய ஒருவரை எழுத்தாளர் என்று நாம் சொல்வதில்லை, எனக்குச் சொல்லலாம் என்றுதான் தோன்றுகிறது.

ராத்திரி நோட்டின் பின்பக்கத்தைத் திருப்பி, நேற்றுப் பறிக்கும்போது காதில் விழுந்ததையெல்லாம் எழுதினேன். "மவ வீட்டுக்குப் போனா சோறு தின்னியான்னு அது கேக்கறதுக்கு முன்ன, சார்ஜர் எங்கன்னு நான் கேக்கறேன், காலம் கெட்டுப்போச்சு." "அவருக்குக் கோவம் வந்தா நாய்க்குத்தான் முதல்ல தெரியும்." "கூலி ஏத்தச் சொல்லலாம், ஆனா யாரு மொதல்ல வாயத் தொறக்கறது?" ஒன்றும் சேர்க்கவில்லை, வெட்டவில்லை.

புதன்

சேர்வராயன் கோயிலுக்கு நடந்தே போனேன். ஊரிலிருந்து ஐந்தாறு கிலோமீட்டர் ஏற்றம், கடைசியில் மரங்கள் விலகிப் பெரிய புல்வெளி மாதிரி மலையுச்சி, சுமார் 1,600 மீட்டர் உயரம். ஒரு காலத்தில் இந்தப் பக்கம் பாக்சைட் வெட்டியெடுத்தார்கள். காற்று ஆளைத் தள்ளுகிறது. கோயில் என்றால் கோபுரம் இல்லை, குகை. உள்ளே சேர்வராயனும் காவேரியம்மனும். மலைவாழ் மக்களின் குலதெய்வம், வைகாசியில் திருவிழாவுக்கு மலை ஊர்கள் அத்தனையும் இங்கே கூடும்.

கூரை தாழ்வு. பக்தி இருக்கிறதோ இல்லையோ, எல்லோரும் குனிந்துதான் போயாக வேண்டும். எனக்கு முன்னால் போன உயரமான ஆள் பாதி வழியில் நிமிர்ந்து தலையில் இடித்துக்கொண்டு "அப்பா" என்றார், பின்னாலேயே அவருடைய மனைவி "சாமி கும்பிட வந்தா சாமி கும்பிடணும்" என்றார். பாறையிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் என் பிடரியில் விழுந்தது, ஐஸ்.

பூசாரி செல்போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு யாரிடமோ பேரனின் காலேஜ் ஃபீஸ் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். பேச்சை நிறுத்தாமலே கற்பூரம் காட்டினார், விபூதி கொடுத்தார், "அந்த ரசீத வாங்கி வெச்சுக்கோ" என்றார், அது எனக்கா பேரனுக்கா என்று ஒரு நொடி குழம்பினேன். பட்டணத்துக் கோயிலில் இதைப் பார்த்திருந்தால் எனக்கே எரிச்சல் வந்திருக்கும். இங்கே வரவில்லை. விருந்தாளி வீட்டில்தான் நாம் குரலைத் தாழ்த்திப் பேசுவோம், அவர் இருப்பது தன் வீட்டில். முனியப்பனுக்கு உத்தரவு போட்ட அக்காவும் இந்த வகைதான். எனக்கு இப்படி ஓர் இடம் உண்டா என்று யோசித்தேன். பூஜை அறை நிச்சயமாக இல்லை, அங்கே நான் விருந்தாளிதான், வெள்ளிக்கிழமை விருந்தாளி. அடுப்படியில் இருக்கலாம். ராத்திரி எல்லாம் கழுவிக் கவிழ்த்துவிட்டு, மேடையைத் துடைத்த ஈரத் துணியைப் பிழிந்து கம்பியில் போடுகிற அந்த நேரத்தில் யாரிடமோ தினமும் பேசுகிறேன், பாதிக்குப் பாதி திட்டு.

வெளியே பாறையில் உட்கார்ந்து நோட்டை எடுத்தேன். ஒரு வரி எழுதுவதற்குள் நாமக்கல்லிலிருந்து வேனில் வந்த குடும்பம் ஒன்று பக்கத்தில் ஜமுக்காளம் விரித்தது. ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை, வாழையிலைத் துண்டில் புளிசாதம் என் மடிக்கு வந்துவிட்டது. "தனியா உக்காந்திருக்கீங்க, பாத்துட்டு நாங்க எப்படிங்க சாப்பிடறது?" இதற்குப் பதில் கிடையாது. நம் ஊரில் ஒருத்தி தனியாக இருக்க நினைத்தால் முதலில் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு வர வேண்டும். புளிசாதம் அருமை, வேர்க்கடலை தாராளம்.

வியாழன்

நாள் முழுக்க மூடுபனி, களத்தில் காபி பரப்பவில்லை, கரண்ட் இரண்டு முறை போனது. பறிக்கிற பெண்களின் பேச்சை விடாமல் எழுதினேன். கதையை எடுக்கவில்லை.

சனி, அமாவாசை, கஞ்சமலை

நேற்றே இறங்கிவிட்டேன். மார்கழி அமாவாசைக்குச் சித்தர் கோவிலுக்கு வருகிறேன் என்று மாமியாருக்கு வாக்குக் கொடுத்திருந்தேன், ஏற்காட்டுக்கு விட்டதே அந்த ஒப்பந்தத்தில்தான் என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது.

மலையில் கிடைத்த அமைதியைப் போட்டு நசுக்குகிற கூட்டம். கஞ்சமலை இரும்புத் தாது மலை, அடிவாரத்தில் உருக்காலை, இந்தப் பக்கம் சித்தர் கோவில், அமாவாசை என்றால் சேலம், ராசிபுரம், சங்ககிரி எல்லாம் இங்கேதான். உப்பு, மிளகு, வெல்லம் பொட்டலம் விற்கிற கடைகள், ராட்டினம், பொரி, மைக்கில் காணாமல்போன குழந்தையின் சட்டை நிறம். மாமியாரை ஒரு வேப்ப மரத்தடியில் உட்காரவைத்துவிட்டு நானும் உட்கார்ந்தேன், பழக்கத்தில் நோட்டை எடுத்தேன். எழுத வந்தது. சுற்றிலும் அவ்வளவு சத்தத்தில் என்னை யாரும் கவனிக்கவில்லை. இந்தப் பகுதியின் ஆரம்பம் அங்கே எழுதியதுதான்.

"என்ன எழுதற?" என்றார் மாமியார். ஊர்ப் பேச்சு என்றேன். "அப்ப இந்தக் கோயில் கதையை எழுது" என்று அவரே சொன்னார். வயதான ஒரு சித்தரும் அவரைப் போலவே வயதான சீடனும் மூலிகை தேடி இந்த மலைக்கு வருகிறார்கள். குரு இலை தழைகளைத் தேடிக் காட்டுக்குள் போகிறார், சீடன் சோறு பொங்குகிறான். கிண்டுவதற்குக் கரண்டி இல்லை, கையில் கிடைத்த குச்சியை உடைத்துக் கிண்டுகிறான். சோறு கறுத்துப் போகிறது. குரு திட்டுவாரே என்று அதைத் தானே சாப்பிட்டுவிட்டு வேறு சோறு வைக்கிறான். குரு திரும்பி வந்தால் அடுப்படியில் யாரோ ஒரு வாலிபப் பையன் நிற்கிறான். தேடி வந்த மூலிகை அந்தக் குச்சிதான்.

காடெல்லாம் சுற்றியவருக்குக் கிடைக்கவில்லை, சோறு கிண்டியவனுக்குக் கிடைத்தது, நன்றாக இருக்கிறது அத்தை என்றேன். அவருக்கு அது முக்கியமாகப் படவில்லை. "பயந்து சாப்பிட்டான்னு சொல்றாங்க. அதெல்லாம் இல்ல. பசி. ரெண்டு கிழவனும் காலையில இருந்து மலை ஏறியிருக்காங்க, சமைக்கறவனுக்குப் பசிக்காதா? குரு வர்ற வரைக்கும் காத்திருக்கணும்னு சட்டம். கறுத்துப் போச்சுன்னு ஒரு சாக்குக் கிடைச்சுது, தின்னுட்டான்." சொல்லிவிட்டு எழுந்து, "வரிசை நகருது, வா" என்றார். ஐம்பது வருஷம் எல்லோருக்கும் போட்டுவிட்டுக் கடைசியில் சாப்பிட்ட மனுஷி. எங்களுக்கு முன்னால் ஒருவர் இடையில் புகுந்தார், மாமியார் அவரைப் பிடித்த பிடியில் அவர் குடும்பத்தோடு பின்னால் போய்விட்டார்.

வரிசையில் நிற்கும்போது என் மெஸ்காரியை நினைத்தேன். கதையில் அவள் நூறு பேருக்குச் சமைக்கிறாள், இலை போடுகிறாள், கணக்குப் பார்க்கிறாள், முப்பது பக்கத்தில் ஒரு வாய்கூட அவள் சாப்பிடவில்லை. வெறும் வயிற்றோடு எங்கே போவாள்? அவளை வாசலிலிருந்து உள்ளே கூட்டிவர வேண்டும். அடுப்பை அணைத்தாகிவிட்டது, அதனால் சூடாக ஒன்றும் இருக்காது, ஆனால் ரசம் மிச்சம் இருக்கும், அப்பளம் டப்பாவில் இருக்கும். மாமியார் தூங்கின பிறகு அந்தப் பக்கத்தை எழுதப் போகிறேன்.